நதியாவின் வலது கால்

நதியாவுக்குக் கடல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பதினேழு வயதில் உசிலம்பட்டியிலிருந்து திருப்பூருக்கு வந்தவள், இப்போது முப்பத்தாறு. ஓவர்லாக் மெஷினில் அவள் தைத்த பனியன்கள் எத்தனையோ கடல் தாண்டிப் போய்விட்டன. தைத்தவள் மட்டும் அலையை டிவியில்தான் பார்த்திருக்கிறாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

வருஷம் ஒருமுறை கம்பெனி டூர் கிளம்பும். நாலு வருஷமாக ஊட்டிதான். குளிரில் பல் கிட்டிக்க நின்று போட்டோ எடுப்பதில் கட்டிங் செக்‌ஷன் ஆண்களுக்கு அப்படி என்ன சுகமோ. இந்த முறை தையல் பெண்கள் திருச்செந்தூர் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். முதலாளி ஆறுச்சாமி யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். தலையைச் சொறிந்துவிட்டு, "ஆயுத பூசையன்னிக்கு ரெண்டு பக்கமிருந்தும் ஒருத்தர் வந்து, எல்லாரும் செல்லுல ஆடற அந்தத் துப்பாக்கி கேம் ஆடுங்க கண்ணுகளா. செயிக்கறவங்க சொல்ற ஊருக்கு பஸ்ஸு போகட்டும்" என்றுவிட்டார்.

பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். செல்போனில் அந்தப் போர் விளையாட்டை ஆடி நதியாவை ஜெயிக்க அங்கே ஆளே கிடையாது. காலையில் கம்பெனி வேனில் ஏறி இறங்குவதற்குள் ஒரு பட்டாளத்தையே சாய்த்துவிடுவாள்.

அங்கேதான் வந்தது வினை. அதே விளையாட்டு டிவியில் மாட்டி ஆடும் பெட்டிக்கும் வந்துவிட்டதாம். முதலாளி மகள் தேஜஸ்ரீ ஆசை ஆசையாக அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கேண்டீன் டிவியில் மாட்டினாள். "பெருசா ஆடுனா எல்லாரும் பாக்கலாமல்லங்க அக்கா!" நல்லெண்ணம்தான். ஆனால் கட்டிங் ஆண்களுக்காக ஆடும் எதிராளி தரணீதரன் வீட்டில் அந்தப் பெட்டி முன்பே இருக்கிறது. விரலால் பட்டனை அழுத்தி ஆடும் அந்தக் கன்ட்ரோலரை நதியா தொடுவதே அன்றுதான்.

பூஜைக்கு முன் ஐந்து நாள் சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி. சுடு என்றால் துப்பாக்கி சும்மா கிடக்கிறது, நதியாவின் வலது கால் தரையை மிதிக்கிறது! பத்தொன்பது வருஷம் மெஷின் பெடலை மிதித்த கால் அல்லவா? கேண்டீனே சிரித்தது. தரணீதரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்கக்கா, துப்பாக்கிக்கு ஒரு பெடலு மாட்டச் சொல்லட்டுங்களா?"

"ஏம்ப்பா தம்பி, ஊட்டிக்கு வாங்குன ஸ்வெட்டர இந்த வருசம் பீரோவுலயே வையி" என்று பதிலுக்குக் கொடுத்தாளே தவிர, நதியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்து நாளும் தோற்றாள். சம்மணம் போட்டுப் பார்த்தாள். காலை நாற்காலியோடு பின்னிப் பார்த்தாள். காலை அடக்கினால் கையும் மரத்துப்போனது.

பூஜையன்று மெஷின்களெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வெடுக்க, பொரிகடலையும் கையுமாகக் கம்பெனியே கேண்டீனில் கூடியது. எதிராளியை முதலில் பத்து முறை சாய்ப்பவருக்கு வெற்றி. நதியா ஒன்று, தரணீதரன் ஆறு. பக்கத்து மெஷின் ஒச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அடியேய், கால எதுக்கு அமுக்கிக்கிட்டுக் கெடக்க? பனியன் கழுத்து வளைவ ஓட்டுற மாதிரி ஓட்டுடி!"

ஆனது ஆகட்டும் என்று நதியா செருப்பை உதறிவிட்டுக் காலை அதன் போக்கில் விட்டாள். கழுத்து வளைவில் யாரும் பெடலை ஒரே மிதியாக மிதிப்பதில்லை. கொஞ்சம் மிதித்து, விட்டு, துணியைத் திருப்பி, மறுபடி மிதிப்பார்கள். கால் அப்படி மிதிக்க, விரலும் அப்படியே அழுத்தியது. மூன்று குண்டு, நிறுத்தம். மூன்று குண்டு, நிறுத்தம். ஒன்றுகூட வீணாகவில்லை. தரணீதரன்தான் அழுத்திய விரலை எடுக்காமல் சுட்டான்; அவன் துப்பாக்கி மேலே தூக்கிக்கொள்ள, பாதிக் குண்டு வானத்துக்குப் போனது. நான்கு, ஆறு, எட்டு என்று ஏறியவள் ஒன்பதுக்கு ஒன்பதில் வந்து நின்றாள். குண்டு தீர்ந்து அவன் சுவருக்குப் பின்னால் ஒளிந்தான். நதியா சுற்றிப் போய் ஒரு மிதி மிதித்தாள். முடிந்தது கதை.

விசில் காதைப் பிளந்தது. பொரி தலைக்கு மேல் பறந்தது. "அந்தக் கால் வித்தைய எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்று தரணீதரனே கும்பிட்டான்.

"சொல்லு கண்ணு, பஸ்ஸு எங்க போகோணும்?" என்றார் ஆறுச்சாமி.

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். பத்தொன்பது வருஷ ஆசையைச் சொல்ல வேண்டியவள் உதறிய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"திருச்செந்தூரு, சார்" என்றாள் நதியா, கண்ணைத் துடைத்தபடி. "ஆனா விடியுமுன்ன போய்ச் சேர்ந்துறணும். ஒரு நா பூரா எனக்குக் கடலப் பாக்கணும்."