அந்த வருடத்துத் துணைப் பயிற்சியாளர்

என் கணவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இஞ்சாரும்" என்பார், இங்கே பாரும் என்பது தேய்ந்து வந்த சொல். மேல் மாடியில் நின்றாலும் சரி, கார்ச் சாவியைக் காணவில்லை என்றாலும் சரி, தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டுவிட்டாலும் சரி, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். நான் எங்கே நின்றாலும் "வாறன்" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொல்லும் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மனிசி ஒரு நாள் என்னைத் தெருவில் கண்டு, உன் பெயர் இஞ்சாரும்தானே என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். விளக்கப்படுத்த நின்றால் பஸ் போய்விடும்.

அவர் பழைய மாணவர் சங்கத்து உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். அரைக் காற்சட்டையோடு உள்ளே போனவர்கள் மீசை முளைத்து வெளியே வருவார்கள். அப்படி வெளியே வந்தவர்கள் லண்டனுக்கு வந்தும் அதை விடவில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓர் அணி, கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்குமாகப் போட்டி. ஆடுவது இங்கே பிறந்த பிள்ளைகள். கத்துவது அவர்களுடைய தகப்பன்மார். நான் படித்தது பெண்கள் பாடசாலையில், எனக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மனிசனைக் கட்டினதோடு அதையும் சேர்த்துக் கட்டின மாதிரி ஆகிவிட்டது. வருடா வருடம் மைதானத்தில் ரோல்ஸும் தேநீரும் என் பொறுப்பு.

அவருக்கு மைதானம் முழுக்கக் கேட்கும் குரல். வேறு அணிகளில் பயிற்சியாளர் பலகையில் வட்டமும் கோடும் கீறிக் காட்டுவார்கள். இவர் கோட்டோரம் நின்று ஆட்டம் முடியும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். பெடியன்களுக்கும் அதுதான் பழக்கம். அந்தக் குரல் வந்தால் ஓடுவார்கள், இல்லாவிட்டால் நிற்பார்கள். அந்த வருடம் வசந்தத்தில் குரல் கரகரத்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு என்று சனம் சொன்னது, நானும் அப்படித்தான் நினைத்து மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் புற்று. முழுதாக எடுக்கத்தான் வேண்டும், எடுத்தால் ஆள் தப்புவார், ஆனால் இந்தக் குரல் இனி இருக்காது என்று வைத்தியர் மெதுவாக, எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். சத்திரசிகிச்சைக்குத் தந்த நாள் போட்டிக்கு அடுத்த கிழமையில் விழுந்தது.

காரில் ஏறியதும் அவர் சொன்ன முதல் கதை, இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்பது. ஏன் என்று கேட்டேன்.

"பாவம் எண்டு பாப்பாங்கள். பாவம் பாத்து விளையாடுற பெடியள் வெல்ல மாட்டாங்கள்."

எனக்கு வந்த கோபத்தில் கார்க் கதவைத் திறந்து இறங்கிவிடுவேனோ என்று இருந்தது. தொண்டையில் கத்தி வைக்கப் போகிறார்கள், இவருக்கு வெற்றிக் கிண்ணம் கேட்கிறது. அன்று இரவு மகள், அப்பாவின் குரலை ஒரு கசெட்டில் பதிந்து வைப்போம் என்று கேட்டாள். என்னத்தையாவது வாசியுங்கள், பேப்பரையாவது வாசியுங்கள் என்று கெஞ்சினாள். அவர் கையை விரித்துவிட்டார். உயிரோடு இருக்கிற மனிசனைச் செத்தவன் மாதிரி ஆக்காதை என்றார். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அறைக்குள் போய் அழுதாள், எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் அவர் சங்கத்துச் செயலாளரை அழைத்து, தனக்கு உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது, கோட்டோரம் பக்கத்தில் நின்று, தான் சொல்வதைச் சத்தமாகச் சொல்ல ஒருவர். அதை அப்படிச் சொல்ல முடியாதே. செயலாளர் கூட்டத்தில் அறிவித்தார்: இவ்வருடம் துணைப் பயிற்சியாளர் ஒருவர் நியமிக்கப்படுவார், விபரம் பின்னர்.

அவ்வளவுதான். லண்டனில் எங்கள் கல்லூரிச் சனத்துக்கு வேறு வேலை இல்லாமல் போனது.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் பழைய மாணவர் ஒருவரின் பலசரக்குக் கடை இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே மரக்கறி வாங்குகிறவர்களைவிடக் கதைக்க வருகிறவர்கள் கூட. கடைக்காரர் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவார். கனடாவிலிருந்து ஒருவர் வருகிறார், டிக்கெட்டும் போட்டாயிற்று என்றார். அடுத்த சனி, கனடா இல்லை, வெள்ளைக்காரர், முறையாகப் படித்துச் சான்றிதழ் எடுத்தவர் என்றார். அதற்கடுத்த சனி, மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே கணக்காளராக இருக்கிற ஒரு தமிழர்மேல் பழி விழுந்தது. அந்த மனிதர் எங்கள் பெடியன்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா பந்து அடிக்க வருகிறவர். மூன்று நான்கு பேர் வாழ்த்துச் சொல்லித் தொலைபேசியில் அழைத்ததும் பயந்துபோய் எங்கள் வீட்டுக்கு எடுத்தார். "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அண்ணன் எதுவும் சொன்னாரா?" என்று கேட்டார். அவரைத் தேற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய கதை, எதிர்க் கல்லூரியில் படித்த ஒருவர் வரப்போகிறார் என்பது. அதைக் கேட்ட நாளில் கடை இரண்டுபட்டது. அப்படி நடந்தால் சந்தாக் கட்ட மாட்டேன் என்று ஒருவர் கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடி சத்தியம் பண்ணினார். நான் புளி எடுக்க வந்தவள், கேட்டுக்கொண்டு நின்றேன். ஊரில் சண்டையில் ஷெல் விழுந்து கல்லூரி மண்டபத்துக்குக் கூரை இல்லை. அந்த மண்டபத்தில் படித்தவர்களில் பாதிப் பேர் எங்கே என்றே தெரியாது. இவர்களுக்கு எதிர்க் கல்லூரிக்காரன் வந்துவிடக்கூடாது. என்னைக் கண்டதும் கடைக்காரர் குரலை இறக்கி, உங்களுக்குத் தெரியாமல் இருக்குமோ, ஆளைச் சொல்லுங்கோ, என் வாயை விட்டு வெளியே போகாது என்றார். அவர் வாயை நான் அறியாதவளா. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் புளியை எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில்தான் எனக்கு அது உறைத்தது. இத்தனை பேரும் யார் யார் என்று கேட்கிறார்கள், இத்தனை வருடம் தனியாக நின்ற மனிசனுக்கு இப்போது ஏன் ஒரு துணை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன். கேட்காததும் நல்லதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆள் கிடைக்கவில்லை. செயலாளர் கேட்டவர்களில் ஒருவர் தான்தான் முழுப் பயிற்சியாளர் என்றால் வருவதாகச் சொன்னார். இன்னொருவர் தன் மருமகனை முன்னுக்கு விளையாட விடவேண்டும் என்றார். நாள் நெருங்க நெருங்க இவருடைய குரலும் தேய்ந்துகொண்டே வந்தது. பயிற்சிக்குப் போய்விட்டு வந்தால் வீட்டில் ஒரு சொல்லும் மிஞ்சாது. சாப்பாட்டு மேசையில் சைகை. அந்தப் பெடியன்களுக்குக் கொட்டுவதில் கொஞ்சத்தை எனக்கு வைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்லியும் விட்டேன். அவர் என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

போட்டி நாள் நல்ல வெயில். வருடா வருடம் படம் பிடிக்கிற வீடியோக்காரர் கமராவோடு கரை கரையாகத் திரிந்தார். எங்கள் ஆட்களின் கண் பந்தில் இல்லை, மைதானத்து வாசலில் இருந்தது. ஒரு வெள்ளைக்காரர் விளையாட்டு உடையில் நாயோடு உள்ளே வந்தார். கூட்டம் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது. அவர் மைதானத்தைச் சுற்றி நடந்து, நாயை அதன் அலுவலை முடிக்க விட்டு, மற்றப் பக்கத்தால் வெளியே போனார்.

முதல் ஆட்டத்தை எப்படியோ வென்றோம். அடுத்தது எதிர்க் கல்லூரியோடு. ஆளுக்கொரு கோல் ஆனபோது அவர்கள் எங்கள் வலது பக்கத்தால் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினார்கள். எனக்கே தெரிந்தது, அங்கே ஆளில்லை. நான் தேநீர் ஊற்றிக்கொண்டே அவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. திரும்பவும் திறந்தார். பெடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவன் காதில் கை வைத்துக் காட்டினான். துணைப் பயிற்சியாளர் வராத கோபத்தில் மனிசன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார் என்று என் மேசைக்குப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

அப்போது அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும்."

காற்றுப் போன மாதிரி ஒரு சத்தம். அத்தனை இரைச்சலில் வேறு ஒருவருக்கும் அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. வாறன் என்று சொல்லிவிட்டுக் கேத்திலை மேசையில் வைத்தேன்.

பக்கத்தில் போய் நின்றதும் என் காதுக்குக் கிட்டக் குனிந்து, வலது பக்கத்துக்கு ஓர் ஆளைப் பின்னுக்கு இறக்கச் சொன்னார். ஊரில் வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டதுதான் அதுவரைக்கும் என் ஆகக்கூடிய சத்தம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கத்தினேன். பெடியன்கள் திகைத்துப்போய் நின்றார்கள். பிறகு ஒருவன் "ஓகே அன்ரி" என்று சொல்லிவிட்டுப் பின்னுக்கு ஓடினான். பின்னால் சிரிப்பு எழும்பியது. கடைக்காரரின் குரலும் கேட்டது.

"உதுவோ எங்கட அசிஸ்டன்ட் கோச்?"

நான் திரும்பவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் கத்தினேன். இடது, வலது, விடு, பிடி, அவசரப்படாதை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அவருடைய வாய் அசைவதையும் என் குரல் வருவதையும் பார்த்துச் சனத்துக்கு விளங்கியிருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் அவர்கள் தங்களுக்குள் கேட்டார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பெனால்டியில் தோற்றோம். நான் தொண்டை காய்ந்து மேசைக்குத் திரும்பி வந்தபோது கடைக்காரர் என் இடத்தில் நின்று சனத்துக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதல் கோப்பையை எனக்கு நீட்டினார். முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் வாய் திறக்காமல் நின்று நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த கிழமை என் மனிசனைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆள் தப்பினார். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. மாதக்கணக்காகப் பழக்கி ஒரு புதுச் சத்தம் வரப்பண்ணினார்கள். அதில் தண்ணீர் கேட்கிறார், பேரம் பேசுகிறார், பயிற்சிக்கும் போய் வருகிறார். நான் குறை சொல்லவில்லை, ஆள் இருக்கிறார். ஆனால் இஞ்சாரும் என்று மட்டும் அந்தச் சத்தத்தில் கூப்பிடுகிறார் இல்லை. கையைத் தட்டுகிறார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

மாரிக் குளிர் தொடங்கின பிறகு ஒரு மாலை, மகள் வீடியோக்காரரிடம் போய்ப் போட்டி நாள் கசெட்டின் பிரதி ஒன்றை வாங்கி வந்தாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நான் குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். முதல் ஆட்டத்தை மற்றக் கரையிலிருந்து எடுத்திருக்கிறார்கள், வெறும் இரைச்சல். இரண்டாவது ஆட்டத்தில் என் குரல்தான், கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவருடைய சொல் அத்தனையும் என் தொண்டையால் வந்துகொண்டிருந்தது. மகள் முன்னுக்கு ஓட்டினாள், பின்னுக்கு இழுத்தாள், சத்தத்தைக் கூட்டித் திரும்ப ஓட்டினாள். நான் மாவிலே கவனமாகிவிட்டேன்.

"இஞ்சாரும்."

"வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அறை வாசலுக்கு வந்த பிறகுதான் கால் நின்றது. மகள் தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் இருந்தாள். வீடியோக்காரர் அந்த நேரம் இவருக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். என் மனிசன் சோபாவில் இருந்தார், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்திருந்தது. மா ஒட்டின கையோடு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மகள் பின்னுக்கு இழுத்துத் திரும்பவும் போட்டாள். அந்தக் குரல் திரும்பவும் என்னைக் கூப்பிட்டது. அவருடைய தோளில் தோள் முட்ட இருந்துகொண்டே, வாறன் என்று சொன்னேன்.