எவர்சில்வர் கரண்டி

என் அக்காவின் வீட்டுக்காரரை அலுமினியப் பட்டறையில் எல்லோரும் எவர்சில்வர் என்றுதான் சொல்வார்கள். வாட்ச், டிபன் பாக்ஸ், பெல்ட் பக்கிள், பல் குத்தும் குச்சிவரை அவருக்கு எவர்சில்வரில்தான் இருக்க வேண்டும். உலைக்கு ஃபோர்மேன் ஆன நாளிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வாயைத் திறந்தால் சொந்தப் புராணம்தான்.

என் கெட்ட நேரம், அவருக்குக் கீழேதான் எனக்கு வேலை. உருகிய அலுமினியத்தைக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றுவேன். அதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. இரும்புக் கரண்டியை அப்படியே உலையில் முக்கக் கூடாது. கொதிக்கும் அலுமினியம் இரும்பைக் கரைத்துத் தின்றுவிடும். கரைந்த இரும்பு வார்ப்பில் கலந்து அதை நொறுங்கச் செய்யும். அதனால் தினமும் காலையில் கரண்டிக்கு வெள்ளைப் பூச்சு தடவி, உலைச் சூட்டில் காயவைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவோம்.

ஒருநாள் அவர் பளபளவென்று எவர்சில்வரில் ஒரு கரண்டி செய்து கொண்டுவந்தார். நான் வழக்கம்போல் பூச்சு டப்பாவைத் திறந்தேன்.

"இதுக்கு எதுக்கு மாப்ளே பவுடர்? துருவே பிடிக்காத சாமான் இது."

"எவர்சில்வரும் இரும்புதானே மாமா. தண்ணியைத் தாங்கும், அலுமினியத்தைத் தாங்காது."

"நீ ஊத்துற வேலையை மட்டும் பாரு" என்று டப்பாவைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிசிறு தேய்க்கும் பகுதியில் வேலை செய்யும் அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொழுப்பெடுத்த மனுஷன், வேறென்ன சொல்ல.

போகப் போகக் கரண்டியின் விளிம்பு எலி கடித்தது மாதிரி ஆனது. கடைசியில் நாங்கள் வார்த்த பம்பு மூடிகள் போல்ட்டை முறுக்கும்போதே விரிசல் விட்டு, மொத்தமாகத் திரும்பி வந்தன.

முதலாளி எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். எவர்சில்வர் கண்ணை இமைக்காமல் சொன்னார்: "படிச்சுப் படிச்சு சொன்னேன் சார். பூச்சு தடவ இவனுக்குச் சோம்பேறித்தனம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பச்சைப் பொய் சார். டப்பாவைப் பிடுங்கினதே இவர்தான். எங்க அக்கா பார்த்தாங்க, அவங்களையே கேளுங்க."

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் தரையைப் பார்த்தபடியே நின்றாள்.

"தம்பிதான் சார் பூசாம விட்டுட்டான்."

அப்போதே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் வாசல்வரை பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அப்படிப் பொய் சொல்ல வாய் கூசலையா உனக்கு?" என்று கத்தினேன்.

அவள் சேலைமேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே தோல் கன்றிப் போயிருந்தது. "அவர் வேலை போச்சுன்னா அந்தக் கோவமெல்லாம் எம்மேலதான் தம்பி இறங்கும்."

வெறும் வாய்ச்சவடால் ஆசாமி என்றுதான் அந்தப் பாவியை நினைத்திருந்தேன். "இப்பவே கிளம்பு. என் வீட்டுக்கு வந்துடு" என்று அவள் கையைப் பிடித்தேன்.

அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"உனக்கே இப்ப வேலை இல்லையேடா."