அச்சம்மாவுக்கு ஒரு சேலை

சூலூரில் தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சசிதருக்கு மகள் ஹாரிகாவின் கல்யாணத்தில் ஒரே ஒரு பிடிவாதம். மண்டபம், சாப்பாடு, நகை எல்லாவற்றையும் பெண்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். முன்னோருக்குத் துணி வைக்கும்போது இந்த முறை இரண்டு சேலை வைக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

சசிதரின் கொள்ளுத்தாத்தா ராமுலு ஒரே காலத்தில் இரண்டு மனைவிகளோடு வாழ்ந்தவர். மூத்தவர் ரங்கநாயகி, இளையவர் அச்சம்மா. சசிதர் அச்சம்மாவின் வழி. கல்யாண வீட்டார் துணி எடுத்து வர, மூத்த தாரத்து வழியில் பெரியவராக இருப்பவர் அதை ராமுலுவின் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவது அந்தக் குடும்பத்து வழக்கம். வேட்டி ஒன்று, சேலை ஒன்று. சேலை ரங்கநாயகிக்கு. கும்பிட்டு எடுத்த சேலையைக் கல்யாணப் பெண் உடுத்திக்கொள்வாள். சசிதரின் அத்தை, அக்கா எல்லோரும் ரங்கநாயகியின் சேலையைத்தான் உடுத்தினார்கள்.

இந்தப் பிடிவாதம் வந்தது ஜெரோமால். கோவையிலிருந்து கடைக்கு நூல் சுற்றும் பாபின் கொண்டுவருபவர். மார்மன் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர், சபை விதிப்படி டீகூடத் தொடமாட்டார். ஒரு நாள் சசிதர் அவரைச் சீண்டினார்.

"ஏனுங்க ஜெரோம், உங்க சபைப் பெரியவங்க அந்தக் காலத்துல ஆளுக்குப் பத்துப் பேரைக் கட்டினாங்களாமா? நீங்க ஏன் ஒண்ணோட நின்னுபோட்டீங்க?"

ஜெரோம் சிரித்தார். அதை நிறுத்தி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது இரண்டாவதாகக் கட்டினால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள் என்றார். அந்தப் பெரியவர்களின் வம்சத்தில் அதை நினைத்து வெட்கப்படுகிறவர்களும் உண்டு, அந்தப் பெண்களின் தைரியத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் உண்டாம்.

"ஆனா நாலாவது பொண்டாட்டி வழியில வந்தவரு, எங்க பாட்டி நாலாவதுன்னு சபையிலயே சொல்லுவாருங்க. நம்ம ஊர்ல சொல்லுவாங்களா?"

சசிதருக்குச் சிரிப்பு நின்றுபோனது.

துணி வைக்கும் நாளில், மூத்த தாரத்து வழியில் பெரியவரான, சசிதருக்கு அண்ணன் முறையாகும் கோபாலசாமி தன் வீட்டில் தாம்பாளத்தை வாங்கியதும் நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. கோபம் வந்தால் மட்டும் அவருக்குக் கொங்குத் தமிழ் வந்துவிடும்.

"இதென்ன சசி, புதுப் பழக்கம்? சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்தா, ஏன் ரெண்டு சேலைன்னு கேக்கமாட்டாங்களா?"

"கேக்கட்டுமுங்கண்ணா."

ராமுலு இரண்டு பேரைக் கட்டியது ஊருக்குச் சொல்லும் பெருமையா என்று கோபாலசாமி கேட்டார்.

"தப்புதானுங்கண்ணா. தப்புச் செஞ்சவருக்கு கல்யாணத்துக்குக் கல்யாணம் வேட்டி வெக்கறோம். அச்சம்மா என்னங்க செஞ்சாங்க?"

கோபாலசாமி கொஞ்சம் இறங்கி வந்தார். இரண்டாவது சேலையைப் படத்துக்குப் பின்னால் வைக்கலாம், அச்சம்மாவுக்குத் தெரிந்தால் போதாதா என்றார். சசிதர் தாம்பாளத்திலிருந்து வேட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இதையும் பின்னாலயே வெச்சுப்போடலாமுங்க."

கோபாலசாமி படத்துக்கு முன்னால் ரங்கநாயகியின் சேலையை மட்டும் எடுத்து வைத்தார். ராமுலுவுக்கு வேட்டி இல்லாமல் கற்பூரம் ஏற்றக் கோபாலசாமிக்குக் கை வரவில்லை. தீப்பெட்டியோடு நின்றார். அவருடைய மனைவி ராமாமணி, "நல்ல நேரம் போயிருமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"எல்லாத்தையும் முன்னாலயே வெய்யி," என்றார் கோபாலசாமி கடைசியில். "சம்பந்தி கேட்டா நீதான் சொல்லோணும்."

"நானே சொல்றனுங்கண்ணா."

கற்பூரம் அணையும்போது சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா கேட்கத்தான் செய்தார். சசிதர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் படத்தையும் பெண்ணையும் பார்த்துவிட்டு, இதில் எது அச்சம்மாவுடையது என்று கேட்டார்.

ஹாரிகா அதைக் கையில் எடுத்துக்கொண்டு உடுத்தப் போனாள்.