ஐஸில் போன ரத்தம்

சட்டைப் பொத்தானை நானாகப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. முடக்குவாதம் விரல்களை மடக்கிவிட்டது. போடுவதும் கழற்றுவதும் மனைவிதான். மாத்திரைகள் பலிக்காததால் மதுரை மருத்துவர் ஒரு புதிய ஊசியைச் சொன்னார். விரல் நிமிரலாம். ஆனால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். உள்ளே காசநோய்க் கிருமி உறங்கிக் கிடந்தால் எழுந்துவிடும். அதற்காக முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை.

நான் சுகாதாரத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டு கோப்பு பார்த்தவன். தடுப்பூசி எந்தப் பெட்டியில், எவ்வளவு ஐஸோடு போக வேண்டும் என்று சுற்றறிக்கை தயாரித்தவன். பாம்பன் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்த பெண், மதுரைக்கு அனுப்ப நான்கு குழாய்களையும் குலுக்கி வெறும் டப்பாவில் வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐஸ் எங்கம்மா?"

"இதுக்கு ஐஸ் ஆகாதுன்னு சொல்லியிருக்காகய்யா."

"எழுத்துல இருக்கா?"

இருந்தது. அவள் அந்தத் தாளைத் தேடி எடுப்பதற்குள், பக்கத்து மீன் கம்பெனியில் உடைத்த ஐஸ் ஒரு பை வாங்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தாளை நான் படிக்கவில்லை.

"நீங்க சொல்லித்தான் வச்சேன்னு எழுதிக்கிறவாய்யா?"

"தாராளமா."

கையெழுத்துப் போட விரல் வரவில்லை. கைநாட்டு வைத்தேன்.

முடிவு வந்தது: தீர்மானிக்க இயலவில்லை. இந்த வாசகத்தை எழுதி எத்தனையோ மனுக்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மருத்துவர் போனில் விளக்கினார். குழாய்க்குள் வெள்ளணுக்கள் உயிரோடு இருக்க வேண்டும். கிருமியின் புரதத்தைக் காட்டி, அடையாளம் தெரிகிறதா என்று கேட்பதுதான் சோதனை. குளிரில் அவை விறைத்துப்போய், எழுப்பிவிடவென்றே மருந்து வைத்த குழாயில்கூட அசையவில்லை. முடிவு தெரியாமல் ஊசி கிடையாது.

"ரத்தத்த நெத்திலி மாதிரி ஐஸ்ல போட்டு அனுப்புன ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றாள் மனைவி.

இன்று காலை மறுபடி கை நீட்டினேன். மனைவி வாசலை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

"அய்யா, ஐஸ் வேணுமா?" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல்.

குழாய்கள் மதுரை பஸ்ஸில் போய்விட்டன. என்னை வீட்டில் விட்டுவிட்டு மனைவி மீன் வாங்கப் போயிருக்கிறாள். மின்சாரம் இல்லை. புழுங்குகிறது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.