சரோஜா அக்காவின் கணக்கில் பத்துக்கு மூன்று

சென்ற மாதம் ஒரு காலை, இன்சீன் நிலையத்தில், நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது கோ துன் கைப்பேசியில் அழைத்தார். "சரோஜா போயிட்டா தம்பி. தூக்கத்துலயே. யாரோடயும் சண்டை போடாம போயிட்டா" என்றார். அந்தக் கடைசிச் செய்தியை நம்பத்தான் எனக்கு நேரமாயிற்று.

எங்கள் பேஸ்பால் அணியில் ஆடியவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அலோன் துறையருகே ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். கணவர் கோ துன் பர்மியர். அக்காவிடம் தமிழ் கற்று, அக்காவோடு சண்டை போட மட்டும் அதைப் பயன்படுத்தியவர். அணியில் நான்காவதாக மட்டை பிடிப்பவர். பேஸ்பாலில் அது பலசாலிக்கு உரிய இடம். ஞாயிறுதோறும் அவருக்குச் சோறு கொண்டுவந்த அக்கா, ஸ்கோர் எழுதியவரின் கூட்டல் பிழையைப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் பேனாவைப் பிடுங்கினார். பிறகு திருப்பித் தரவேயில்லை.

கோ துன்னுக்கு ஒரு பெருமை. பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று முறை சரியாக அடித்துவிடுவார். "அமெரிக்காவுல பத்துக்கு மூணு அடிச்சா கோடீஸ்வரன், தெரியுமா?" என்று தேநீர்க்கடைகளில் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் அக்கா கேட்டார்: "அங்க பந்து போடறவன் யாரு? இங்க போடறவன் யாரு?"

இங்கே போடுகிறவர்கள் ஒரு லாரி ஓட்டுநரும் ஒரு தையற்கடைக்காரரும்.

"நம்ம ஆளுங்க பத்துக்கு நாலு அடிக்கிறாங்க. உங்களுக்குக் கீழ இந்தத் தம்பி ஒருத்தன்தான். கூட ஆடறவனோட வச்சுப் பாக்காம வெறும் நம்பரைச் சொல்லிட்டுத் திரியாதீங்க."

கோ துன் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். அதையும் அக்காவே குடித்தார்.

லைங் தாயா ஆலைத் தொழிலாளர் அணியோடு இறுதி ஆட்டம் வந்தது. நாங்கள் அதுவரை இறுதி ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். மட்டை பிடிக்கும் ஒன்பது பேரில் கோ துன்னை எட்டாவது இடத்துக்கு இறக்கியாக வேண்டும். அணித்தலைவன் நான், எனக்கோ வாய் வரவில்லை. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன்.

"இவரை எங்க எறக்கப் போற?" என்று அக்காவே கேட்டார்.

"எட்டாவது."

"ஒம்பதாவது?"

"நான்."

"அப்ப சரி. கணக்கு நேரா இருக்கு."

கைலியை இறுக்கிக் கட்டியபடி உள்ளேயிருந்து கோ துன் வந்தார். "நீ எனக்குப் பொண்டாட்டியா, இவனுக்கு அம்பயரா?"

"பொண்டாட்டிதான். சாப்பிட வாங்க."

இறுதி ஆட்டத்தின் கடைசிச் சுற்று. இரு அணிக்கும் சமமான ஓட்டங்கள். ஓட்டத்தை முடிக்க இன்னும் ஒரே எல்லை மீதியாக, மூன்றாம் எல்லையில் எங்கள் ஆள் காத்திருக்க, கோ துன் அடித்தார். பந்து எதிரணிக்காரர் ஒருவரின் கைக்கு நேராகச் சோம்பலாக உருண்டு, அவர் காலிடுக்கில் புகுந்து ஓடிவிட்டது. எங்கள் ஆள் ஓடிவந்து சேர்ந்தார், வென்றோம். கோ துன்னைத் தோளில் தூக்கி ஆடினோம். மேலிருந்தபடியே அவர் கத்தினார்: "சரோஜா! ஹிட்டுன்னு எழுது!"

"பிடிக்க வேண்டிய பந்து. அவன் விட்டுட்டான். அவன் தப்புன்னுதான் எழுதுவேன்."

அப்படியே எழுதினார். வெற்றி எங்களுக்கு, கோ துன்னின் கணக்கில் அந்த அடி சேரவில்லை. எழுதி முடித்து, பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, அக்கா எழுந்து நின்று கைதட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. நாங்கள் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். முறைத்துக்கொண்டிருந்த கோ துன்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வரிசைதான்: முதலில் உள்ளதை எழுதுவது, பிறகு கை வலிக்கத் தட்டுவது.

காரியங்கள் முடிந்து வந்த ஞாயிறு, கோ துன் மட்டையோடு வந்து நின்றார். மூன்று முறை வீசினார். ஒன்றும் படவில்லை. அக்காவின் இடத்தில் ஸ்கோர் எழுத உட்கார்ந்திருந்த நான், படவில்லை என்றே எழுதினேன். பிறகு எழுந்து நின்றேன்.