எஸ்தரக்கா தாழிடாத கதவு

எஸ்தர் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி எனக்குச் செல்வியின் குரலில் வந்தது. செல்வி, நாகமலை புதுக்கோட்டையில் எஸ்தரக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் கணேசனின் மனைவி. நான் அடுப்பில் பால் வைத்திருந்த நேரம். "டீச்சர், பெரிய டீச்சர் எந்திரிக்க மாட்டேங்குறாக. ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. சீக்கிரம் வாங்க" என்றாள். அழுகைக்கு நடுவே இன்னொன்றும் சொன்னாள். "கதவு தாப்பா போடல டீச்சர். அவுகதான் மொதல்ல உள்ள போனாக. அதான் எல்லாரும் ஒரு மாதிரியாப் பாக்குறாக." அவுக என்றால் கணேசன்.

அந்த ஒரு மாதிரிப் பார்வை இன்னும் ஓயவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் உயிரியல் படித்துத் திட்டும் வாங்கிய பெண்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'கதவு திறந்து கிடந்ததாமே, மாடியில் இருப்பவன் எப்படிப்பட்டவன்?' என்று போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கேட்பதில் தப்பில்லை. எஸ்தரக்கா வீட்டுக் கதவு தாழிடாமல் கிடந்தது என்றால் எனக்கே பகீரென்றுதான் இருந்திருக்கும், விஷயம் தெரியாமல் இருந்திருந்தால். ஆனால் எனக்குத் தெரியும். தெரிந்தவள் சும்மா இருந்தால் ஒரு நல்ல மனிதன் பெயர் கெட்டுப்போகும்.

அக்காவின் சந்தேகம் நம் பள்ளிக்கே தெரிந்ததுதான். ஆசிரியர் அறையில் யாராவது லட்டு கொடுத்தால் கையில் வாங்கிக்கொண்டு, "எதுக்கு?" என்று கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் வாய்க்குப் போகும். அவர் ஓய்வு பெற்ற அன்று நான் ஒரு சுங்குடிச் சேலை கொடுத்தேன். நன்றி சொல்வதற்கு முன்னால் சேலையை முழுக்க உதறி, வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், தனி வீடு, தனி ஆள். யார் உள்ளே வந்தாலும், யார் வெளியே போனாலும் தாழ்ப்பாளைப் போட்டுக் கதவை மூன்று முறை இழுத்து ஆட்டிப் பார்ப்பார். தெருவுக்கே கேட்கும். "தனியா இருக்குற பொம்பளைக்குத் தாப்பாதான்டி புருஷன். ஆட்டிப் பாத்துத்தான் நம்பணும்" என்பார்.

ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அவர் பள்ளியில் ஒழுங்குப் பொறுப்பில் இருந்தபோது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. கடித்தவளைப் பள்ளியைவிட்டே அனுப்ப வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் குதித்தோம். அக்கா மட்டும் கடிபட்ட பெண்ணை உட்கார வைத்து, "கடிச்சத விடு. கடிக்கிறதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?" என்றார். கடிபட்டவள் விளையாட்டாகப் பின்னால் போய்க் கடித்தவளின் கண்ணைப் பொத்தியிருக்கிறாள். "அதுக்கு முந்தி?" ஒன்றுமில்லை. அக்கா அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் கடித்தவளின் பெஞ்சை ஜன்னல் ஓரம், முதுகு சுவரில் படும்படி போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரையும் கடிக்கவில்லை.

இனிப் பூனைக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு, சமையலறையில் எலித் தொல்லை என்று அக்கா ஒரு பூனை கேட்டார். குட்டி வேண்டாமாம். "குட்டின்னா எனக்கப்புறமும் இருக்கும். அப்புறம் அது யாரு வாசல்ல போயி நிக்கும்? வளந்ததாப் பாரு" என்றார். சமயநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காரம்மாவிடம் வளர்ந்த பெண் பூனை ஒன்று இருந்தது. மஞ்சள் நிறம், வெள்ளைக் கழுத்து, பார்த்தால் கண் வைக்கத் தோன்றும். அக்கா அதைப் பெண் பார்க்கப் போன மாதிரிதான் விசாரித்தார். இருமல் உண்டா, வலிப்பு உண்டா, இதற்கு முன் யார் வீட்டில் இருந்தது. "தங்கமான பூன டீச்சர், ஒரு தொந்தரவும் கெடையாது" என்றார் அந்த அம்மா. பஸ்ஸில் திரும்பும்போது, கூடையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா முணுமுணுத்தார். "இம்புட்டு நல்ல பூனைய எதுக்குச் சும்மா குடுக்குறாக? என்னமோ இருக்குடி." தங்கமான பூனை என்றார்களே என்று கிண்டலாகப் பவுனு என்று பெயர் வைத்தார்.

என்னமோ இருக்கத்தான் செய்தது. பவுனு மடியில் ஏறிப் படுக்கும், கழுத்தைக் காட்டும், கண்ணை மூடிக் குறுகுறுக்கும். அதே பவுனு திடீரென்று கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிவிடும். அந்தப் பக்கம் போகிற கால் யாருடையதானாலும் பாய்ந்து கவ்வும். என்னைக் கடித்தது. நான் ஊசி போட்டுக்கொண்டேன். ஜெபம் பண்ண வந்த உபதேசியாரை, அவர் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்துக் கடித்தது. செல்வியின் சின்ன மகளைப் பிறாண்டிவிட்டது. சில நாள் ஒன்றுமே செய்யாது, சில நாள் பேய் பிடித்த மாதிரி இருக்கும். மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று சொல்லாத ஆளில்லை. நானும் சொன்னேன்.

அக்கா விடவில்லை. சந்தேகப்பட ஆரம்பித்தார். முதலில் நான். "நீ தலையில வைக்கிற மல்லியப்பூ வாசம்தான் அதுக்கு ஆகல." நான் பூ வைக்காமல் வெறுந்தலையோடு போனேன். மதுரையில் பிறந்து வளர்ந்து, ஒரு பூனைக்காகப் பூ இல்லாமல் பஸ் ஏறியவள் நானாகத்தான் இருப்பேன். அன்றும் கடித்தது. அடுத்து உபதேசியாரின் தோல் செருப்பு. அதற்கடுத்து மாடியில் ஓடும் தண்ணீர் மோட்டார். கடைசியில் செல்வியின் மகள் யாருக்கும் தெரியாமல் வாலைப் பிடித்து இழுக்கிறாளோ என்று ஆரம்பித்தார். அதுவரை பொறுத்திருந்த செல்வி, "எம்புள்ள மேல சந்தேகம்னா சொல்லிருங்க டீச்சர், நாங்க வேற வீடு பாத்துக்கிர்றோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அக்கா அன்று சாப்பிடவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுவாரம் என்னையும் இழுத்துக்கொண்டு சமயநல்லூருக்குப் போனார். வீட்டுக்காரம்மா மோர் கொடுத்தார். அக்கா டம்ளரைத் தொடவில்லை. "எங்கிட்டக் குடுக்குறதுக்கு முந்தி அந்தப் பூனைக்கு என்ன நடந்துச்சு? சொல்லுங்க, சண்டைக்கு வரல." அந்த அம்மா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அழுதுவிட்டார். பூனை அவருடையதே அல்ல. பின்கட்டில் குடியிருந்தவர்கள் வளர்த்தது. அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது அதை உள்ளேயே விட்டுவிட்டு, பூட்டைப் போட்டு இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறந்தார்களா, வேண்டுமென்று செய்தார்களா தெரியாது. பூனை உள்ளே கத்தியது. இவர் அது வெளியே எங்கோ கத்துகிறது என்று நினைத்திருக்கிறார். சாவி வாங்கித் திறந்தபோது எலும்பும் தோலுமாகக் கதவோரம் கிடந்ததாம். "சொன்னா யாரும் வாங்க மாட்டாகன்னு சொல்லல டீச்சர்" என்றார். அக்கா மோரை எடுத்துக் குடித்தார்.

வீடு திரும்பினோம். பவுனு வாசலுக்கே வந்து காலை உரசியது. அக்கா பழக்கதோஷத்தில் தாழ்ப்பாளைப் போட்டார், கதவை இழுத்து ஆட்டினார். அவர் கை கதவிலேயே நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன், பவுனைக் காணோம். கட்டிலுக்கடியில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சத்தம் கேட்ட உடனே அது கடிப்பதில்லை. போய் ஒளிந்துகொள்கிறது. பிறகு எந்நேரமானாலும் முதலில் எந்தக் கால் நெருங்குகிறதோ அந்தக் காலுக்குத் தண்டனை. ஆள் வந்த நாளெல்லாம் கடித்தது என்றால், ஆள் வந்தால்தானே அக்கா தாழ்ப்பாளை ஆட்டுவார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். நான்தான்டி. நான்தான்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பூனையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். கேட்கவில்லை. "பூட்டுச் சத்தத்துக்குப் பழகுறதுக்கு அதுக்கு வயசாயிருச்சு. பூட்டு இல்லாம இருக்குறதுக்கு எனக்கு வயசாயிருச்சு. யாராச்சும் ஒருத்தி எறங்கித்தான் வரணும். பெரியவ நான், நான் எறங்குறேன்." இறங்கினார். அதற்காக ஒரேயடியாக மனம் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கதவைச் சும்மா சாத்தி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன் நுனியில் காலி எவர்சில்வர் குடம் ஒன்றை வைத்துவிட்டுப் படுப்பார். எவனாவது கதவைத் தள்ளினால் குடம் உருண்டு தெருவையே எழுப்பிவிடும். காலையில் குடத்தைத் தூக்கித் தரையில் ணங்கென்று வைப்பார், பவுனு எழுந்து வந்து தட்டின் முன் உட்காரும். வெளியே போகும்போது மாடிக்குக் குரல் கொடுப்பார். "செல்வி, வீட்டப் பாத்துக்க. பூட்டல." வாடகைக்கு விட்ட நாள் முதல் அவளைச் சந்தேகப்பட்டவர் சொன்ன வார்த்தை இது. செல்வி தன் வீட்டு வேலையைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பாள், அக்கா திரும்பி வரும்வரை.

இதெல்லாம் தெரியாமல்தான், அக்கா இறந்த அன்று காலை, அவருடைய அண்ணன் மகன் சாமுவேல் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கட்டிலில் தூங்குகிற மாதிரியே இருந்தார். தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்தில் இதயம் நின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாமுவேலுக்கு அது போதவில்லை. அத்தை ரத்தம் இல்லையா? என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ஆன்ட்டி, அத்தை தாப்பா போடாமப் படுப்பாங்களா? சேர் சாஞ்சு கெடக்கு, குடம் உருண்டு கெடக்கு. ஏதோ இழுபறி நடந்திருக்கு. வெளி கேட் பூட்டித்தான் இருந்துச்சு. உள்ள இருந்தது மாடிக்காரன் மட்டும்தான். நான் போலீசுக்குச் சொல்லப்போறேன்." கணேசன் மாடிப்படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

நான் பேச வாயெடுப்பதற்குள் சாமுவேல், "தாப்பா நல்லாத்தானே இருக்கு?" என்று அதைப் போட்டுக் கதவை இழுத்து ஆட்டினான். ஒரு மஞ்சள் கோடு கட்டிலுக்கடியில் ஓடி மறைந்தது. "தம்பி, இப்பக் கட்டில் பக்கம் போகாத, கடிச்சிரும்" என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தான். அலறிவிட்டான். இறந்த வீட்டில் சிரிக்கக் கூடாது. ஆனால் அக்கா உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அவன் கணுக்காலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக்கொண்டே கதை முழுவதையும் சொன்னேன். பிறகு செல்வியைக் கூப்பிட்டு அக்கா கேட்கிற மாதிரியே கேட்டேன். "குடம் விழுந்தத விடு. விழுறதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?" பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்திருக்கிறது. கணேசன் கூப்பிட்டிருக்கிறான், தட்டியிருக்கிறான், பதில் இல்லை என்றதும் கதவைத் தள்ளியிருக்கிறான். குடம் உருண்டிருக்கிறது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆமாய்யா. தெனம் காலையில டீச்சர் கொடத்த எறக்கி வைக்கிற சத்தம் கேக்கும். இன்னைக்கு, பால்காரன் போனதுக்கு அப்புறம், உருண்டு விழுந்த சத்தம் கேட்டுச்சு. ராத்திரி ஒரு சத்தமும் இல்ல" என்றார். அந்தக் குடம் விழாமல் யாரும் அந்தக் கதவைத் திறந்திருக்க முடியாது. அவருடைய சந்தேகமே வைத்துவிட்டுப் போன காவல் அது. சாமுவேல் நொண்டிக்கொண்டே போய் மாடிப்படியில், கணேசன் பக்கத்தில் உட்கார்ந்தான். "மன்னிச்சிருங்கண்ணே" என்றான். சவப்பெட்டியைத் தூக்கும்போது முன்னால் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் கணேசன்.

பவுனு இப்போது என் வீட்டில் இருக்கிறது. காளவாசலில் எங்கள் தெரு இரைச்சலைக் கேட்டு மிரண்டுபோய், பீரோவுக்குப் பின்னாலிருந்து வர மறுத்தது. காலையில் வைத்த சோறு மாலைவரை அப்படியே கிடந்தது. கால்நடை மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். நான் மீனைச் சந்தேகப்பட்டேன், தட்டைச் சந்தேகப்பட்டேன், விசில் போட்டுக்கொண்டே திரியும் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். பிறகு அக்காவின் கேள்வி ஞாபகம் வந்தது. அங்கே அது சாப்பிடுவதற்கு முந்தி என்ன நடக்கும்?

சாமுவேலுக்கு போன் செய்து அந்தக் குடத்தைக் கேட்டேன். "குடமா? எதுக்கு ஆன்ட்டி?" என்றான். பதில் திருப்தியாக இருந்த பிறகுதான் கொண்டுவந்து கொடுத்தான்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு கேள்வி, ஒரு குடம், ஒரு பூனை. எங்கள் வீட்டுக் கதவையும் இப்போது தாழிடுவதில்லை. என் வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டே நாற்காலியைக் கதவுக்குப் பின்னால் போடுகிறார், நான் குடத்தை வைக்கிறேன். காலையில் தூக்கித் தரையில் ணங்கென்று வைத்ததும் பவுனு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஓடி வருகிறது. நேரே தட்டுக்கு வருவதில்லை. முதலில் என் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது, பிறகு எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறது. யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட உட்காருகிறது. நானும் தினமும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.