நத்தைக்காரியின் கடுகுக் கட்டம்

நத்தையின் முதுகில் இடுக்கி அளவுகோலை வைத்தால் அவள் மூச்சு விடமாட்டாள். அளவைச் சொல்லி, கழுத்து நூலில் தொங்கும் பென்சிலால் எழுதிய பிறகுதான் மூச்சு. அந்தப் பென்சிலை வேறு யாரும் தொடக்கூடாது.

நாற்பது வயது. கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அலை உள்வாங்கியதும் பாறைக்குப் போய், வண்ணம் பூசிக் குறித்த சதுரத்துக்குள் ஒட்டியிருக்கும் கடல் நத்தைகளை எல்லாம் அளப்பாள். குஞ்சு என்றால் கடுகு, வளர்ந்தால் மிளகு, கிழடு என்றால் கோலிக்குண்டு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதுவாள். தெருவில் அவள் பெயர் நத்தைக்காரி. எட்டாம் வகுப்போடு தையற்கடைக்குப் போன அண்ணன் மட்டும், வருகிறவர்களின் இடுப்பை அளந்துகொண்டே, "எங்க பாப்பா விஞ்ஞானி" என்பார்.

மனிதர்களையும் அவள் விட்டுவைப்பதில்லை. ஒரு கல்யாண விருந்தில் சுற்றிலும் நோட்டம் விட்டு, "எல்லாம் கோலிக்குண்டு. கடுகே இல்ல. இந்தக் குடும்பம் முப்பது வருஷந்தான் தாங்கும்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா காதில் அது விழுந்தது. கைகழுவப் போன அண்ணன் திரும்பி வரவே இல்லை.

நான்கு வருடமாகப் பாறையிலும் கடுகு இல்லை. கடலில் மிதந்துவரும் குஞ்சுகள் எதுவும் வந்து ஒட்டவில்லை.

"கிழடுங்க மட்டுந்தான் மிச்சம். இந்தத் தடவையும் இல்லன்னா, பாறை முடிஞ்சுதுன்னு எழுதி என் வேலையையும் மூடிடுவாங்கண்ணே."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அளக்கும் நாளில் அவளுக்கு முன்பே போய், தள்ளியிருந்த பாறையில் பொறுக்கிய கடுகுகளைப் பொத்தான் டப்பாவில் கொண்டுவந்து சதுரத்துக்குள் வைத்தார்.

அவள் வந்து குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"அண்ணே, இதென்ன சட்டையா?"

"ஏன் பாப்பா?"

"ரெண்டு ரெண்டு விரல் இடம் விட்டு, நேர்கோட்டுல! நத்தை என்னைக்கு வரிசையில நின்னுச்சு?"

"கோணலா வைக்கக் கை வரலம்மா."

"நாலு வருஷ உழைப்பை ஒரு டப்பாவுல கவுக்கப் பார்த்தியே!" ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டாள். "எத்தனை வச்சே?"

"பதினொண்ணு. ரெண்டு தடவை எண்ணினேன்."

உள்ளங்கையிலும் பதினொன்று இருந்தன. சதுரத்தின் ஓரத்து வெடிப்பில், அவள் விரல் அப்படியே நின்றது.

"அப்ப இது?"

"கத்திரிக்கோல் மேல சத்தியமா, நான் வச்சதில்ல."

"தெரியுது. கோணலா இருக்கு."

ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் அளவுகோல்.

"மூணு மில்லி… எழுதுண்ணே."

பென்சில் நூல் குட்டை. நோட்டு எட்டும்படி, அவள் தன் கழுத்தை அண்ணன் பக்கம் சாய்த்துக் கொடுத்தாள்.